மீன் போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு

ஜூன் மாதம் பிறந்தால் ஹைதராபாத் நம்பள்ளி ஸ்டேஷனில் கூட்டம் கூடும். வடநாட்டில் இருந்து வருவார்கள். மகாராஷ்டிராவில் இருந்து வருவார்கள். நம் தமிழ்நாட்டில் இருந்தும் வருவார்கள். வயதானவர்கள் வருவார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்கள் வருவார்கள். எல்லோரும் பக்கத்தில் இருக்கும் எக்சிபிஷன் மைதானத்துக்குப் போவார்கள். ராத்திரியே போய் இடம் பிடித்துப் படுத்திருப்பார்கள்.

எல்லோருக்கும் ஒரே நோய்தான். இழுப்பு. சிலர் இரைப்பு என்பார்கள். டாக்டர்கள் இதை ஆஸ்துமா என்கிறார்கள்.

அங்கே கொடுப்பது மீன் மருந்து. நம் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்தில் இருந்தும் போய் விழுங்கி வந்தவர்கள் உண்டு. அதனால் இதைப் பற்றி நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

விரால் மீன் குஞ்சு. தெலுங்கில் கொர்ரமீனு என்பார்கள். இரண்டு மூன்று அங்குல நீளம் இருக்கும். உயிரோடு இருக்கும். அதன் வாயில் மஞ்சள் நிறத்தில் ஒரு பசையை வைப்பார்கள். அதை நோயாளியின் தொண்டைக்குள் விடுவார்கள். அப்படியே விழுங்க வேண்டும். மீன் சாப்பிடாதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். பிறகு 45 நாள் பத்தியம். இப்படி மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தால் நோய் தீரும் என்று சொல்கிறார்கள்.

இதைக் கொடுப்பது பத்தினி கௌடு குடும்பம். 1845-ஆம் ஆண்டில் ஒரு சாமியார் தங்கள் முன்னோருக்கு இந்த மருந்தைச் சொல்லிக் கொடுத்தார் என்பது அவர்கள் கூறும் வரலாறு. காசு வாங்கக் கூடாது, செய்முறையை வெளியே சொல்லக் கூடாது என்று சாமியார் சொன்னாராம். முன்பு பழைய நகரத்தில் தூத்பௌலியில் அவர்கள் வீட்டிலேயே கொடுத்தார்கள். பிறகு மைதானத்துக்கு வந்தது. மிருகசீரிஷ கார்த்தி அன்று கொடுப்பார்கள். அது ஜூன் 7 அல்லது 8 வாக்கில் வரும். கொரோனா காலத்தில் நின்றது. 2023-இல் மறுபடி தொடங்கியது.

அன்றைக்குத் தெலங்கானாவில் பல வீடுகளில் மீன் குழம்பு வைப்பது வழக்கம். அது நல்ல வழக்கம்தான். வெந்த மீனோடு நமக்குச் சண்டை இல்லை!

எங்கள் எழுத்தறிவு வகுப்பில் இந்தப் பேச்சு வந்தது. ஒரு அக்கா கேட்டார்:

"தம்பி, மீன் உயிரோடு உள்ளே போகுது. வாலை அடிச்சுக்கிட்டே போகுது. நெஞ்சுச் சளியை எல்லாம் கழுவிக்கிட்டுப் போகாதா?"

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். மருந்தின் பக்கம் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். ஆனால் நம் தொண்டைக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று உணவுக் குழாய். அது இரைப்பைக்குப் போகிறது. இன்னொன்று மூச்சுக் குழாய். அது நுரையீரலுக்குப் போகிறது. நாம் எதை விழுங்கினாலும் மூச்சுக் குழாயின் வாயை ஒரு சிறு மூடி அடைத்துக்கொள்ளும். சோறும் தண்ணீரும் உணவுக் குழாயில் இறங்கும். சில நேரம் ஒரு பருக்கை வழி தவறும். அப்போது நமக்குப் புரை ஏறுகிறது. ஒரு பருக்கைக்கே கண்ணில் நீர் வந்துவிடுகிறது அல்லவா?

மீனும் உணவுக் குழாயில்தான் போகிறது. இரைப்பையில் விழுகிறது. அங்கே இருக்கும் அமிலத்தில் செரித்துப் போகிறது. ஆஸ்துமா இருப்பது மூச்சுக் குழாய்களில். மீன் அந்தப் பக்கமே போவது இல்லை. போனால் ஆபத்து. மூச்சு அடைத்துவிடும். சின்னக் குழந்தைகளின் வாயைத் திறந்து மீனை விடும்போது எனக்குப் பயம் வருவது இதனால்தான்.

"மீனை விடுங்க தம்பி. அந்தப் பசையிலதான் மருந்து இருக்கு" என்றார் இன்னொருவர்.

சரியான பேச்சு. மாத்திரையும் இரைப்பைக்குத்தான் போகிறது. ரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது. பசையும் அப்படிச் செய்யலாம் அல்லவா? செய்யலாம். ஆனால் செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"என் மச்சானுக்குக் குணமாச்சு" என்பது போதாது. ஏன்? ஆஸ்துமா எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் நோய் அல்ல. சில மாதம் வாட்டும். சில மாதம் ஒன்றும் இராது. குழந்தையாக இருந்தபோது இழுத்தவர்களில் பலருக்கு, வளர வளர அது தானாகக் குறைகிறது. நோய் வாட்டும்போதுதான் நாம் மருந்தைத் தேடி ஓடுகிறோம். அதன் பிறகு நோய் தணியும் காலம் வருகிறது. பெயர் மருந்துக்குப் போகிறது. மே மாதத்துத் தூசியும் ஜூன் மழையில் அடங்குகிறது. பத்தியம் இருக்கும் 45 நாளும் சிலர் பீடியைத் தொடுவது இல்லை. பீடியை விட்டால் மூச்சு லேசாகாதா?

இன்னும் ஒன்று. குணமானவர் ஊர் முழுக்கச் சொல்வார். குணமாகாதவர் பேசாமல் இருந்துவிடுவார். அடுத்த வருஷம் வரவும் மாட்டார். அதனால் மைதானத்தில் நிற்கும் கூட்டத்தைக் கேட்டால் நல்ல பேச்சுதான் காதில் விழும்.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 200 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு உண்மையான பசை. மறு பாதிக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் பசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது. கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. பிறகு பல மாதம் அவர்களுடைய மூச்சின் வேகத்தைக் கருவியால் அளக்க வேண்டும். முதல் பாதி நன்றாகத் தேறினால் மருந்து நல்ல மருந்து. இரண்டும் ஒன்றாக இருந்தால் பசையில் ஒன்றும் இல்லை. டாக்டர்கள் எழுதித் தரும் ஆஸ்துமா மருந்துகள் இப்படித் தேறி வந்தவை. மீன் மருந்துக்கு இப்படி ஒரு ஆதாரம் கிடையாது. செய்முறையோ ரகசியம். ஜன விஞ்ஞான வேதிகா என்ற அறிவியல் அமைப்பு, இதைச் சோதிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது.

நாம் இருக்கும் நகருக்குப் பெயர் கொடுத்த ஏ.எஸ்.ராவ் ஒரு விஞ்ஞானி. 1967-இல் தொடங்கிய இ.சி.ஐ.எல். கம்பெனியை வளர்த்தவர். அங்கே ஒரு கருவியைச் செய்தால் சோதித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். கருவிக்கே இப்படி என்றால் குழந்தை விழுங்கும் மருந்துக்கு வேண்டாமா?

"ஆனா கவர்மென்டே ஏற்பாடு பண்ணுதே?" என்று அந்த அக்கா விடவில்லை.

ஆமாம். போலீஸ் வருகிறது. தண்ணீர் வண்டி வருகிறது. மீன்வளத் துறையே மீன் குஞ்சு விற்கிறது. மந்திரிகளும் வந்து போகிறார்கள். கூட்டம் நெரிந்து யாரும் சாகாமல் இருக்கப் போலீஸ் வேண்டும்தான். அது மருந்துக்குக் கொடுத்த சர்டிபிகேட் ஆகாது. நம் நாட்டு மருந்து விதிகள் 1945-ஆம் ஆண்டில் வந்தவை. சில நோய்களைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஆஸ்துமாவும் உண்டு. முன்பு "மீன் மருந்து" என்றார்கள். பிறகு "மீன் பிரசாதம்" என்ற பேரும் வந்துவிட்டது. பிரசாதம் என்றால் கேள்வி கேட்க நமக்கே கூச்சமாக இருக்கிறது!

அந்தக் குடும்பம் மருந்துக்குக் காசு வாங்குவது இல்லை. அதை மதிக்க வேண்டும். ஏமாற்றிப் பணம் சேர்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கைக்காசு போகிறது. ரயில் கட்டணம், சாப்பாடு, இரண்டு மூன்று நாள் கூலி. மூன்று வருஷம் வர வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. "மீன் விழுங்கிவிட்டோம், இனி பம்பு எதற்கு?" என்று சிலர் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமாவில் உயிர் போவது உண்டு. நடு ராத்திரியில் திடீர் என்று இழுக்கும். அப்போது கையில் மருந்து இல்லை என்றால் என்ன ஆகும்?

ஆஸ்துமாவில் மூச்சுக் குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றி உள்ள தசை இறுகுகிறது. சளி சேருகிறது. வழி குறுகி மூச்சு விசில் அடிக்கிறது. இது அடியோடு போகும் நோய் அல்ல. ஆனால் அடக்கி வைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஓட்டப் பந்தயத்தில்கூட ஓடுகிறார்கள்.

இன்ஹேலர் பழகிவிடும், விட முடியாது என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. இதுவும் பொய்தான். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரில் இரண்டு அழுத்து அழுத்தினால் அதில் இருபதில் ஒரு பங்குதான் வரும். நேராக மூச்சுக் குழாய்க்கே போவதால் கொஞ்சம் போதும்.

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று இழுப்பு வந்த உடனே ஆறுதல் தருவது. மற்றது வீக்கத்தைக் குறைத்து இழுப்பு வராமல் தடுப்பது. தடுக்கும் மருந்தை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும். பலர் இதைத்தான் நிறுத்திவிடுகிறார்கள். அதை எடுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அழுத்தும் இன்ஹேலரை எப்படி எடுப்பது? முதலில் நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். வாயில் வைத்து, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்துங்கள். பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். குழந்தைகளுக்கு ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டிக் கொடுக்க வேண்டும். சரியாக எடுக்கிறோமா என்று டாக்டர் முன்னாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள். பஸ்தி தவாகானாவில் காட்டலாம். எர்ரகட்டாவில் அரசு மார்பு நோய் மருத்துவமனை இருக்கிறது.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை ஆளைப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள்.

அந்த அக்கா கடைசியில் கேட்டார். "என் வீட்டுக்காரர் இந்த ஜூனுக்கும் போவேன்னு நிக்கிறார். என்ன பண்றது?"

கூட்டத்தில் கால் கடுக்க நிற்கும்போதுதான் இழுப்பு அதிகம் வரும். சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பச் சொன்னேன். திரும்பி வந்த பிறகும் அது அதே பையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.