கல்லில் வெட்டிய கணக்கும் கைபேசிக் கணக்கும்

பாபநாசத்தை அடுத்த ஒரு சிற்றூரில், சந்நிதித் தெருவில் என் பெரியம்மா தனியாக வாழ்ந்து வந்தார். 2012-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கோடை விடுமுறையில் அவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். காபி கொடுத்துவிட்டு, பூஜை அலமாரியின் ஓரத்தில் வைத்திருந்த பொத்தான் போனை எடுத்து என் கையில் தந்தார். "போன வாரம்தான் கடைக்காரப் பையனிடம் ஐம்பது ரூபாய் போட்டேன். யாருக்கும் பேசவில்லை. பாதிதான் இருக்கிறது என்கிறான். நீ கொஞ்சம் பாரப்பா" என்றார்.

குறுஞ்செய்திகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். மாதந்தோறும் ஒரே தேதியில் 30 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. யாரேனும் பெரியம்மாவை அழைத்தால், வழக்கமான மணியோசைக்குப் பதிலாக அழைப்பவர் காதில் முருகன் பாட்டு ஒன்று ஒலிக்கும். அதற்கான கட்டணம் அது. தன் போனில் பாட்டு ஒலிக்கிறது என்பது பெரியம்மாவுக்குத் தெரியும், கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பணம் போகிறது என்பதுதான் தெரியாது.

எப்படி நேர்ந்தது என்று விசாரித்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பகலில் அழைப்பு வந்திருக்கிறது. எடுத்தால் பதிவு செய்யப்பட்ட குரல். பின்னணியில் சுவாமி பாட்டு. இந்தப் பாட்டை வைத்துக்கொள்ள ஒன்றை அழுத்துங்கள் என்றது குரல். "சுவாமி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று வைக்க மனசு வரவில்லை. ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன்" என்றார் பெரியம்மா. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்நாளில் அப்படிச் செய்தது ஒரு நிறுவனம் மட்டுமன்று.

இவ்வகைச் சேவைகளுக்கு அத்துறையில் 'மதிப்புக் கூட்டுச் சேவை' என்று பெயர். பேசுவதும் குறுஞ்செய்தியும் அடிப்படை. அதற்கு மேல் பாட்டு, ராசிபலன், கிரிக்கெட் நிலவரம், நகைச்சுவைத் துணுக்கு என்று எதைச் சேர்த்து விற்றாலும் அது மதிப்புக் கூட்டல். யாருக்கு மதிப்புக் கூடியது என்பது தனிக் கேள்வி.

நிறுவனங்கள் ஏன் இதில் இத்தனை முனைப்புக் காட்டின என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னே போக வேண்டும். 1995-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. அப்போது ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். 2003-இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2009-இல் நொடிக்கு ஒரு பைசா என்ற கட்டணம் வந்ததும் போட்டியில் எல்லோரும் அதே வழிக்கு இறங்கினார்கள். பேச்சில் வருவாய் மெலிந்தது. கோபுரம் கட்டிய கடனும் அலைவரிசைக்குக் கட்டிய தொகையும் அப்படியே நின்றன. அந்த இடைவெளியை அடைக்க அவர்கள் கண்ட வழிதான் இந்த முப்பது ரூபாய்.

முப்பது ரூபாய் சிறு தொகைதான். ஆயினும் கோடிக்கணக்கான இணைப்புகளால் பெருக்கிப் பாருங்கள். சிறு தொகையாக இருந்ததால்தான் யாரும் சண்டைக்குப் போகவில்லை. புகார் செய்ய ஒரு நாள் அலைவதைவிட விட்டுவிடுவது மேல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைத்தார்கள். அந்தப் பொறுமையின் மேல் ஒரு வாணிபம் நடந்தது.

சரி, அந்தப் பணமாவது பாடியவருக்குப் போயிற்றா? அய்யம்பேட்டைக்கு அருகே உள்ள சூலமங்கலம் நம் வாசகர்களுக்குத் தெரிந்த ஊர். கந்த சஷ்டி கவசத்தைத் தமிழர் வீடுகளிலெல்லாம் விடியற்காலைக் குரலாக ஆக்கிய சூலமங்கலம் சகோதரிகளின் ஊர் அது. கவசத்தை இயற்றியவர் தேவராய சுவாமிகள். அத்தகைய பழம்பாடல்களுக்குக் காப்புரிமை இல்லை. அவை எல்லோருக்கும் சொந்தம். ஆனால் ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கு, வெளியானது முதல் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அந்த உரிமை பெரும்பாலும் பதிவு செய்த இசை நிறுவனத்திடம் இருக்கும். காலர் ட்யூன் தழைத்த காலத்தில், வாடிக்கையாளர் கொடுத்த தொகையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கைபேசி நிறுவனமே வைத்துக்கொண்டது. மீதியில் இடைத்தரகு நிறுவனம், பின்பு இசை நிறுவனம். படைத்தவர் கைக்கு வந்தது கடைமடைக்கு வந்த தண்ணீர் போலத்தான். 2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் பங்கை இசை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாப்புச் செய்யப்பட்டது.

இதை எழுதும்போது தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வராமல் இராது. இராசராசன் 1010-இல் முடித்த அந்தக் கோயிலின் சுவர்களில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். அளக்கும் மரக்கால் எது என்பதும் உண்டு: 'ஆடவல்லான்' என்னும் மரக்கால். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்தில் பாடி நெல்லைப் பெறலாம். உறவினர் தகுதியற்றவரானால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற ஏற்பாடும் அங்கே கண்டிருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கோ பெயர், வந்த ஊர், குடியிருக்கும் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது.

பாட்டுக்குக் கூலி கொடுப்பது தெய்வத் தொண்டுக்கு இழுக்கு என்று அன்று யாரும் நினைக்கவில்லை. எவ்வளவு, யாருக்கு, எந்த அளவையில் என்பதை ஊரார் கண்ணில் படும்படி வெட்டி வைத்தார்கள். பெரியம்மாவின் போனில் வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

திறந்த கணக்கு வைத்தால் வாணிபம் நடக்காது என்பார்கள். ஜப்பானில் நடந்ததைப் பார்ப்போம். அந்நாட்டின் என்டிடி டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரியில் 'ஐ-மோட்' என்ற சேவையைத் தொடங்கியது. செய்தி, படம், பாட்டு எதுவானாலும் வெளியார் தயாரித்துத் தருவார்கள். கட்டணத்தை டோகோமோ தன் மாதப் பட்டியலில் சேர்த்து வசூலித்துத் தரும். வசூலித்ததற்காக அது எடுத்துக்கொண்டது நூற்றுக்கு 9; மீதி 91 தயாரித்தவருக்கு. இதனால் நல்ல சேவைகளைச் செய்து தரப் பலர் முன்வந்தார்கள். மக்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். பயன்பாடு பெருகப் பெருக, தகவல் போக்குவரத்துக் கட்டணமாக டோகோமோவுக்கு வருவாய் கொட்டியது. சில ஆண்டுகளில் 4 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். பெரும்பங்கை விட்டுக்கொடுத்தவன் அதிகமாகச் சம்பாதித்த கதை இது.

நம் காவிரிக் கரையில் அப்படிச் செய்ய எத்தனையோ இருக்கின்றன. தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் காவிரியின் வடகரையிலும் தென்கரையிலும் மட்டும் 190 தலங்கள் என்பது மரபுக் கணக்கு. பல கோயில்களில் ஒருவேளை விளக்கெரிவதே பெரும்பாடு. அந்தந்தத் தலத்துப் பதிகத்தைத் தேர்ந்த ஓதுவார் ஒருவர் பண்ணோடு பாட, நாளுக்கொரு தலமாக விடியற்காலையில் போனில் கேட்க முடிந்தால், மாதம் இருபது ரூபாய் கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயங்குவோம்? அதில் இத்தனை ஓதுவாருக்கு, இத்தனை எங்களுக்கு என்று தமிழில் தெளிவாகச் சொல்லட்டும். படியேற முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு அது கோயில் வாசல். ஓதுவாருக்கு அது மூன்று குறுணி.

பக்தி மட்டும் என்றில்லை. நம் வாசகர்களில் பாதிப் பேராவது நிலம் நீச்சு உள்ளவர்கள். காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் கண் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி என்பது இங்கே பள்ளிக்குப் போகாத கிழவருக்கும் தெரியும். ஜூன் 12 அன்று அணை திறக்குமா என்பதுதான் குறுவையின் தலையெழுத்து. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்து விடுவார்கள். எந்த ஆற்றுக்கு என்றைக்கு முறை, வெண்ணாற்றுக்கா குடமுருட்டிக்கா, நம் வாய்க்கால் தலைப்பு எப்போது திறக்கும் என்பதைச் சரியாகச் சொல்லும் ஒரு தமிழ்க் குரல் மதிப்புள்ளது. அறுவடை முடிந்தபின் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துக்கொண்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ, இரவில் மழை வருமோ என்று தார்ப்பாயோடு காத்துக் கிடப்பவருக்கு, நாளைக்கு உம் மூட்டை எடைக்கு வரும் என்று சொல்லும் செய்தி அதைவிட மதிப்புள்ளது. இவற்றுக்குக் காசு கேட்டால் யாரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டார்கள்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2007-இல் இஃப்கோ உர நிறுவனமும் ஏர்டெல்லும் சேர்ந்து, விவசாயிகளுக்கான சிம் அட்டையில் நாள்தோறும் குரல் செய்திகளைக் கட்டணமின்றி அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கின. செய்திக்குக் காசில்லை, அந்தச் செய்திக்காக அந்த சிம்மையே வைத்துக்கொள்வார் அல்லவா, அங்கேதான் வருவாய். எழுதப் படிக்க வராதவருக்கும் பயன்பட்டது என்பது அதன் சிறப்பு. அரசின் கிசான் கால் சென்டர் 2004 முதல் இயங்குகிறது. 1800-180-1551 என்ற எண்ணில் பயிர் நோய் பற்றித் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது.

பெரியம்மாவைப் போன்றவர்களின் குறை தில்லி வரை போனது. 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவிட்டது. எந்த மதிப்புக் கூட்டுச் சேவைக்கும் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை ஒப்புதல் பெற்ற பிறகே பணம் பிடிக்க வேண்டும். வேண்டாத சேவையை நிறுத்த எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான, கட்டணமில்லாத எண் 155223. விளம்பர அழைப்புகளே வேண்டாம் என்பவர்கள் 1909-க்குப் பேசிப் பதிவு செய்யலாம். இவ்விரு எண்களையும் நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் பேச்சே இலவசம் போல ஆகிவிட்டது. காலர் ட்யூனும் திட்டத்துக்குள் அடங்கியது. 2020-இல் எவரை அழைத்தாலும் இருமலோடு தொடங்கிய கொரோனா அறிவிப்பு நினைவிருக்கும். அழைப்பவர் காத்திருக்கும் அந்த அரை நிமிடத்துக்கு எத்தனை வலிமை என்பதை நாடே அப்போது உணர்ந்தது, அலுத்தும் கொண்டது! இன்றைய குறை வேறு விதமானது. பொத்தான் போன் வைத்திருப்பவரும் தாம் தொடவே போகாத இணையத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டினார். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது அந்தச் சுமை கூடியது. அந்த ஆண்டு டிசம்பர் 23-இல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தனியே தர வேண்டும் என்று டிராய் விதி செய்தது. அதன்படி நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டிருக்கின்றன. கடையில் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். இணையம் இல்லாத திட்டம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அன்று வாடிக்கையாளர் சேவை எண்ணில் வெகுநேரம் காத்திருந்து, அந்தப் பாட்டை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினேன். மூன்றாம் நாள் பெரியம்மா அழைத்தார்.

"மும்பையிலிருந்து உன் மாமா பதறிப்போய்ப் பேசினான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டானாம்."

விஷயம் பிறகுதான் விளங்கியது. மாமா தினமும் காலை ஆறு மணிக்கு அக்காவை அழைப்பார். பெரியம்மா எடுக்க மாட்டார். பாட்டை அவர் முழுதாகக் கேட்கட்டும் என்று மணியடிக்க விட்டுவிடுவார். பேச்சுக்குக் காசு செலவழிக்காமல் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்ளும் முறை அது. அன்று பாட்டு வராமல் வெறும் மணியடித்ததும் மாமா நடுங்கிவிட்டார்.

"மறுபடி வைத்துவிடேன்" என்றார் பெரியம்மா.

"முப்பது ரூபாய் போகும் பெரியம்மா."

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே அப்பா. கேட்காமல் எடுத்ததுதான்."

வைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அவருடைய கணக்கு நோட்டு திண்ணையில் திறந்து கிடந்தது. பால், பூ, நல்லெண்ணெய் என்ற வரிசைக்குக் கீழே, கோணல் மாணலான அவர் எழுத்தில் 'முருகன் பாட்டு – ரூ. 30' என்று இருந்தது.