கம்பி கருகிய கடையும் கம்பியில்லா வலையும்

2025 மார்ச் மாதக் கடைசி. நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அக்குறணையில் கண்டி-மாத்தளை வீதியோரமாக உள்ள எமது புடவைக் கடையில் அஸர் நேரத்திலிருந்தே நிற்க இடமிருக்கவில்லை. அந்த மாதத்துக்கே உரிய மாலை இடிமழை தொடங்கியது. எங்கோ அருகில் ஒரு மின்னல். விளக்குகள் அணையவில்லை, ஆனால் பில் போடும் கணனி மேலே இருக்கும் அலுவலகக் கணனியை இழந்துவிட்டது.

எமது கட்டடத்தின் அமைப்பைச் சொன்னால்தான் விடயம் விளங்கும். பிங்கா ஓயா பெருகினால் எங்கள் கடைத்தெரு நனையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதனால் பெறுமதியானவை எல்லாம் மேலே. கீழே கடை, முதலாம் மாடியில் களஞ்சியம், இரண்டாம் மாடியில் வீடும் அலுவலக அறையும். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் கையிருப்புக் கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் கணனியும் அங்கேதான். கடைக்கு வெளிச்சுவர் வழியாக ஒரு கேபிள் இறக்கியிருந்தோம். மலிவாகச் செய்த வேலை. மின்னல் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வந்து கடைக் கணனியின் கேபிள் துளையையும், களஞ்சியத்திலிருந்த கமராப் பெட்டியின் துளையையும் கருக்கிவிட்டது. மின்னல் நேரடியாக விழ வேண்டுமென்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்துவிடும்.

பெருநாள் வரை கையால் பில் எழுதினோம். விலையேறிய சில துணிகள் பழைய விலைக்கே போயின. கடன் வாடிக்கையாளரின் கணக்கு மூன்று கொப்பிகளில் சிதறியது. இதையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. எனக்கு ஸகாத் ஆண்டு முடிவது ரமழானில்தான். கையிருப்பின் பெறுமதியைச் சரியாகத் தெரியாமல் ஸகாத்தை எப்படிக் கணக்கிடுவது? குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டுப் போகும் காரியமா அது?

கருகிய துளைகளைச் சரிசெய்வது பெரிய வேலையல்ல. அதே வெளிச்சுவரில் மறுபடியும் கம்பி இறக்க எனக்கு மனம் வரவில்லை. “வாப்பா, மெஷ் போடுவோம்” என்றான் மகன். வீட்டுக்கு வைஃபை பரப்பும் சாமான் கடைக் கணனிக்கும் பில் பிரின்டருக்கும் என்ன செய்யும் என்று கேட்டேன். அவற்றில்தான் வைஃபையே இல்லையே!

அவன் சொன்னது இதுதான். மெஷ் என்பது ஒரே ரவுட்டரின் சமிக்ஞையை இழுத்து நீட்டுவதல்ல. இரண்டு மூன்று பெட்டிகள் தமக்குள் வானொலி அலையால் பேசி ஒரே வலையாக இயங்குகின்றன. பெரும்பாலான பெட்டிகளின் பின்புறத்தில் கேபிள் துளை உண்டு. கடையில் வைக்கும் பெட்டியின் துளையில் சாதாரண கேபிளைச் செருகி மறுமுனையைக் கணனியில் கொடுத்தால், கணனிக்குத் தான் கம்பியில் இருப்பதாகவே தோன்றும். நடுவே அலைதான் செல்கிறது என்பது அதற்குத் தெரியாது. கணனிக்கு மட்டும் என்றால் யூ.எஸ்.பி.யில் செருகும் சிறிய வைஃபைத் துண்டே போதும். பிரின்டரும் கமராப் பெட்டியும் அதை ஏற்காதபடியால்தான் இந்த வழி. எனக்குப் பிடித்தது இன்னொன்று: மாடிக்கும் கடைக்கும் இடையில் இனிச் செம்பு இல்லை.

அவசரப்பட்டு முதலில் வாங்கிய தொகுதி தவறிப்போனது. வீட்டில் வந்து பெட்டியைத் திரும்பிப் பார்த்தால் துணைப் பெட்டிகளில் மின்சாரத்துக்கு மட்டுமே இடம். கேபிள் துளையே இல்லை! விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வாங்கியது வேறொன்று என்றாலும், பெயர்பெற்ற தயாரிப்புகளிலும் இவ்வாறு உண்டு. 2017 இல் வந்த ஈரோ பீக்கனிலும், 2019 இல் வந்த கூகுள் நெஸ்ட் வைஃபையின் துணைப் பெட்டியிலும் கேபிள் துளை கிடையாது. ஆகவே வாங்குமுன் ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற சாமானா, உத்தரவாதம் யாருடையது என்றும் கேளுங்கள்.

இரண்டாவது தொகுதியில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு துளைகள். ஒன்றை அலுவலகத்தில் ரவுட்டருடன் கேபிளால் இணைத்தோம். ஒன்றை முதலாம் மாடியில், மற்றதைக் கடையில் வைத்தோம். கடைப் பெட்டியை முதலில் இரும்பு அலுமாரியின் பின்னால் மறைத்துவைத்தேன், அழகுக்காக. சமிக்ஞை செத்தது. கொங்கிரீட் தளத்தையே தட்டுத்தடுமாறிக் கடக்கும் அலை இரும்பை எப்படிக் கடக்கும்? நடுப்பெட்டியைப் படிக்கட்டு ஓரமாகவும் கடைப் பெட்டியைப் படியின் அடியிலும் வைத்த பின்னரே நிலைத்தது. படிக்கட்டு வெளிதான் எமக்குக் குழாய்.

அடுத்த தலைவலி, கடையிலிருந்து இணையம் வருகிறது, ஆனால் அலுவலகக் கணனியைப் பெயரால் தேடினால் தென்படவில்லை. மேலிருந்து கடைப் பிரின்டருக்கும் அனுப்ப முடியவில்லை. காரணம், புதிய பெட்டி தானும் ஒரு ரவுட்டராக வேலைசெய்து, வலைக்குள் இன்னொரு வலையை உண்டாக்கியிருந்தது. அலுவலகக் கணனி பழைய ரவுட்டரின் பக்கம், கடை புதியதன் பக்கம். மெஷ் தொகுதியை ‘அக்சஸ் பொயின்ட்’ முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்தன. இந்த ஒரு விடயத்தைத் தெரியாமல் சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

கடையில் கணனி, பிரின்டர் இரண்டோடு இன்னொரு கணனியும் இருந்ததால், ஐந்து துளைகளுள்ள சிறிய ஸ்விட்ச் ஒன்றை மெஷ் பெட்டியில் மாட்டினோம். ஒருநாள் கடைப் பிள்ளை ஒருவர், சும்மா கிடக்கிறதே என்று, மெஷ் பெட்டியின் இரண்டாவது துளையிலிருந்தும் அதே ஸ்விட்சுக்கு ஒரு கேபிள் கொடுத்துவிட்டார். தகவல் வட்டமாகச் சுற்றத் தொடங்கி, விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடத்து, மேல்மாடி வரை வலை முடங்கியது. கேபிளைக் கழற்றியதும் தீர்ந்தது. பிரின்டருக்கும் ரவுட்டரில் நிரந்தர முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லையேல் மின்சாரம் போய்வந்த பின் அதன் முகவரி மாறி, பில் காற்றில் போகும்.

வேகத்தைப் பற்றி ஏமாற வேண்டாம். ஒரே அலைவரிசையில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வேகம் ஏறக்குறையப் பாதியாகும். எமக்கு இரண்டு தாவல்கள். ஒரு பில்லுக்குத் தேவைப்படும் தகவல் மிகச் சொற்பம் என்பதால் கவலையில்லை. கமராக்கள் வேறு கதை. 2 மெகாபிக்சல் கமரா ஒன்றே இரவும் பகலும் வினாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை எடுக்கும். எட்டுக் கமராக்கள் என்றால் பெருக்கிப் பாருங்கள். அதனால் கமராக்களையும் பதிவுப் பெட்டியையும் கம்பியாலேயே இணைத்து, அந்தப் பெட்டியை மட்டும் நடுப்பெட்டியில் செருகியிருக்கிறோம். தொலைபேசியில் பார்க்கும்போது மட்டுமே அலையில் பாரம்.

மின்சாரம் நின்றால் மூன்று பெட்டிகளும் விழித்திருக்க வேண்டும். நடுவிலுள்ளது அணைந்தால் கடை தனித்துவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சிறிய மின்கலப் பெட்டிகள் இப்போது இதற்கு உதவுகின்றன.

ஷவ்வால் மாதம் கையால் எழுதிய பில்களைக் கணனியில் ஏற்றி, மகனும் நானும் மூன்று இரவுகள் கையிருப்பை எண்ணினோம். நோன்பில் குத்துமதிப்பாக ஒதுக்கியிருந்த ஸகாத் தொகை குறைவாக இருந்தது. மீதியை அந்த வாரமே கொடுத்து முடித்தேன், அல்ஹம்துலில்லாஹ். கடையைத் திருத்தும் நாளில் சுவருக்குள் குழாய் பதித்து மாடிக்கும் கடைக்கும் ஃபைபர் கேபிளே இழுக்க எண்ணியிருக்கிறேன். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. மேசனிடம் விலை கேட்டாயிற்று.