காலுக்கு எதிர்த்து நிற்கும் பெடல்!

பந்தயக் கார் பிரியர்கள் சிலருக்கு ஒரு குறை: ஆக்ஸிலரேட்டர் பெடல் மெத்தென்று இருக்கிறதாம்! குறையில் நியாயம் உண்டு. கார் பள்ளத்தில் குலுங்கினால் ஓட்டுகிறவரின் காலும் குலுங்கும். இளகிய பெடல் உடனே அமுங்கும். கார் திமிறிப் பாயும். வளைவில் இப்படி நேர்ந்தால்?

கம்பி வடத்தால் இயங்கும் பழைய கார்களில் பரிகாரம் சுலபம். கார்புரேட்டரில் உள்ள ஸ்பிரிங்குக்குத் துணையாக இன்னொன்றை மாட்டுவார்கள். பெடல் விறைப்பாகும், ஒரு ஸ்பிரிங் அறுந்தாலும் மற்றது எஞ்சின் வேகத்தைத் தணித்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆனால் அளவு மீறினால் நெடும்பயணத்தில் கால் கடுக்கும்.

பிறகு வடம் போய், மின்னணுப் பெடல் வந்தது. வடத்தின் உரசல் இல்லாததால் காலுக்குப் பழைய உணர்வு வேண்டுமே என்று, பெடலுக்குள்ளேயே உரசும் பாகம் ஒன்றை வைத்தார்கள். வந்தது வினை! சில டொயோட்டா கார்களில் அந்தப் பாகம் தேய்ந்து, பெடல் மேலே எழும்பத் தயங்கிற்று. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பரிகாரமாகச் செருகியது என்ன? ஒரு சிறு எஃகுத் தகடு!

ஆகையால் விறைப்பு வேண்டுவோர் ஸ்பிரிங்கைத்தான் நாட வேண்டும், உரசலை அல்ல. வேலை முடிந்ததும், எஞ்சினைக் கிளப்பாமலே பெடலை அடிவரை மிதித்துச் சட்டென்று காலை எடுத்துப் பார்க்கவேண்டும். பெடல் துள்ளி எழாவிட்டால் சாவியைத் தொடவே கூடாது.