ஏட்டுப் பெயரும் வீட்டுப் பெயரும்

தமிழகக் குடும்பங்களில் ஆண் குழந்தைக்குப் பாட்டனாரின் பெயரைச் சூட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டதால், அதே பெயரைத் தாங்கிய மகனை அழைக்க அவளுக்கு வேறொரு பெயர் தேவைப்பட்டது. ஏட்டில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பலருக்கு இரு பெயர்கள் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெயர் சுருங்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதற்பகுதியை மட்டும் எடுத்து உகரத்தில் முடிப்பது ஒரு முறை என்பதால் சுப்பிரமணியன் சுப்புவாகவும், சீனிவாசன் சீனுவாகவும், பாலகிருஷ்ணன் பாலுவாகவும் ஆகின்றனர். பிற்பகுதியே தனித்து நிற்பது மற்றொரு முறை என்பதால் அதே சுப்பிரமணியன் வேறொரு வீட்டில் மணியாகவும், சீனிவாசன் வாசுவாகவும் அழைக்கப்படுகின்றனர். கிருஷ்ணன் கிட்டுவாவது போல ஒலியே உருமாறுவதும் உண்டு.

முன் பிறந்த குழந்தைகளை இழந்த பெற்றோர், அடுத்துப் பிறந்தவன் மீது கண்ணேறு, அதாவது தீய பார்வை, படாதிருக்கக் குப்பன், பிச்சை என்று பெயரிட்டனர். இவை தாழ்ந்த பெயர்கள் அல்ல. பிள்ளை பிழைக்க வேண்டுமென்ற தாயின் தவிப்பு அவற்றில் உறைந்திருக்கிறது.

பெயர் குறிக்காமலே பிறப்பைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இடமளிக்கிறது; பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே பெற்றோர் அவசரப்படாமல், தேர்ந்த பெயரைத் தலைப்பெழுத்துடன் சில நாள் உரக்கச் சொல்லிப் பார்த்து, உறவினர் அதை எவ்வாறு சுருக்குகின்றனர் என்பதையும் கேட்ட பின்னரே பதிவு அலுவலகத்துக்குச் செல்வது நல்லது.