தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவே ஒரு விக்கல்

தூரவாணி நகர் ஐடிஐ தொழிற்சாலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைச் சோதித்துப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. ஓய்வுபெற்று அல்சூர் வீட்டில் உட்கார்ந்த பிறகும் காது மட்டும் ஓய்வுபெற மறுக்கிறது.

போன வருஷம் பையன் ஒரு மியூசிக் ஸ்ட்ரீமர் வாங்கிவந்தான். உள்ளங்கை அகலக் கறுப்பு டப்பா. வைஃபையில் வரும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். கம்பெனிப் பெயர் வேண்டாம். சீடியிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த ஒரு கச்சேரியை அன்று சாயங்காலமே போட்டேன். தானம் முடிகிறது, வயலின் இன்னும் இழைந்துகொண்டிருக்கிறது, சட்டென்று ஒரு நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் பல்லவி. தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் இன்னொரு தடவை. சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, கரண்ட் போச்சா?"

கரண்ட் போகவில்லை. கச்சேரி ஒரே ஓட்டமாக இருந்தாலும், தேட வசதியாக ராகம், தானம், பல்லவி, தனி என்று சீடியில் ட்ராக் ட்ராக்காக வெட்டியிருப்பார்கள். ஒன்று முடிவதற்குள் அடுத்ததை எடுத்துவைத்துக்கொள்ளத் தெரியாத கருவி, வெட்டிய இடத்தில் விக்கும். விக்காமல் ஓட்டுவதற்குக் ‘கேப்லெஸ்’ என்று பெயர். ஐந்து நிமிட சினிமாப் பாட்டு கேட்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. டப்பாவின் அட்டைப்பெட்டியில் பிட்டும் கிலோஹெர்ட்ஸும் கொட்டை எழுத்தில் இருந்தன. கேப்லெஸ் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தக் கொட்டை எழுத்துக்களைக் கண்டு மிரள வேண்டாம். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் உங்கள் குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதும். மொத்தம் 64 கிலோபிட். சீடியில் நொடிக்கு 44,100 தடவை, 16 பிட், இரண்டு சேனல். அது 1,411 கிலோபிட். அளக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதி வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் சீடியிலேயே அடங்கிவிடுகிறது. என் வயதில் அந்த எல்லையெல்லாம் பழைய கதை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று கூடுதல் காசு கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

இன்னொன்று. ஸ்ட்ரீமர் எண்களைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். எண்களை ஒலியாக்குவது டாக். எங்கள் தொழில் பாஷையில் முன்னது ட்ரங்க் லைன், பின்னது காதில் வைக்கும் ரிசீவர். நல்ல டாக் ஏற்கெனவே தனியாக இருந்தால், கோஆக்சியலோ ஆப்டிகலோ டிஜிட்டல் வெளியீடுள்ள எளிய ஸ்ட்ரீமரே போதும். வீம் கம்பெனியின் ப்ரோ, ப்ரோ ப்ளஸ் என்ற இரண்டு ஸ்ட்ரீமர்களுக்கும் உள்ள முக்கிய வித்தியாசமே உள்ளிருக்கும் டாக் சில்லுதான். அதைத் தாண்டிப்போகிறவருக்கு மேல்மாடல் எதற்கு? இந்திரா நகர் நண்பர் ஒருவரின் பலமடங்கு விலையுள்ள பெட்டியை இரவல் வாங்கி, என் டாக்கிலேயே மாட்டி, எது ஓடுகிறதென்று மனைவியை மறைக்கச் சொல்லிக் கேட்டேன். பத்துக்கு ஐந்து சரி. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

அப்படியானால் காசு எதில் போக வேண்டும்? மென்பொருளில். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமரை லாஜிடெக் 2012-ல் நிறுத்திவிட்டது. ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் ஆர்வலர்கள் கையில் ‘லிரியன்’ என்ற பெயரில் இன்றும் வளர்கிறது, பழைய பெட்டிகளும் பாடுகின்றன. எல்லாக் கருவிக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. ஆப் கைவிடப்பட்டால் எத்தனை விலை கொடுத்த அலுமினியப் பெட்டியும் பேப்பர் வெயிட்தான்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிப்பவர்கள் இதையும் கவனியுங்கள். அங்கே கொண்டாடும் டைடல், கோபஸ் என்ற பாட்டுச் சேவைகள் இந்தியாவில் அதிகாரபூர்வமாக இல்லை. ஆப்பிள் மியூசிக்கில் இழப்பற்ற ஒலி 2021-லிருந்து இங்கே கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களுக்கு ஆப்பிள் மியூசிக்கை ஃபோனிலிருந்து ஏர்ப்ளே போன்ற வழியில்தான் தள்ள வேண்டும்.

கடைசியில் நான் போனது ராஸ்பெரி பை வழிக்கு. அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் மேல் அமர்கிற டிஜிஒன் என்ற டிஜிட்டல் வெளியீட்டுப் பலகையைச் செய்தது அல்லோ. நம் பெங்களூரு கம்பெனி. பாஸ், கட்டானா என்ற டாக் பலகைகளால் வெளிநாட்டு ஆர்வலர்களிடமும் பெயர் வாங்கியது. ஏப்ரல் இடிமழையில் கரண்ட் போய்ப்போய் வந்து என் முதல் மெமரி கார்டு கெட்டது. பிறகு பைகோர்ப்ளேயர் என்ற மென்பொருளுக்கு மாறினேன். மொத்தமும் ராமில் ஓடும், அதனால் ஓடுகிற நேரத்தில் கரண்ட் போனாலும் கார்டுக்குச் சேதம் வராது. பாட்டை வாங்குவது அதே லிரியன் சர்வரிடம். பல்லவி இப்போது விக்குவதில்லை. ஆனால் நெட்வொர்க் முகவரி, கமாண்டு என்றாலே பயப்படுபவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன், அவர்கள் ரெடிமேட் பெட்டியே வாங்கட்டும்.

வாங்கப் போகும்போது பென் டிரைவில் ஒரு ராகம் தானம் பல்லவியை ட்ராக் ட்ராக்காக ஃப்ளாக் ஃபைல்களில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரின் பெருமையைக் கடைக்காரர் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் தானத்தின் கடைசி அரை நிமிடத்திலிருந்து ஓடவிடச் சொல்லுங்கள்.