வலிப்பும் வண்டிச் சாவியும்

வடாலா லாரி முனையத்தை ஒட்டி, ஆண்டாப் ஹில் வட்டாரத்திலேயே அமைந்திருக்கிறது மும்பை கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். எம்.எச். 03 என்ற எண்ணைத் தாங்கிய டாக்சிகளும் ஆட்டோக்களும் லாரிகளும் பதிவாகும் இடம் அதுதான். மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து பெட்ரோலும் டீசலும் ஏற்றிச் செல்லும் டாங்கர் ஓட்டுநர்கள், துறைமுகத்துக் கன்டெய்னர்களை இழுக்கும் டிரெய்லர்க்காரர்கள், தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் ‘பேட்ஜ்’ வாங்க வரும் நம் தமிழ் மக்கள் ஆகிய எல்லாரும், வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பதற்கு முன்னால், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் முதலாம் படிவம் என்று குறிக்கப்பட்டிருக்கும் தேக ஆரோக்கிய உறுதிமொழியில் கையொப்பம் இட்டாக வேண்டும். வலிப்பு நோய் உண்டா, எந்தக் காரணத்தினாலாவது திடீரென்று நினைவு தப்புவதோ தலை சுற்றுவதோ உண்டா என்பதே அதன் முதற்கேள்வி. கண் பார்வை, சிவப்பு பச்சை பிரித்தறிதல், மாலைக்கண், செவிப்புலன் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன.

கேள்வியை இயற்றியவர்களின் சிரத்தையை நான் மதிக்கிறேன். நாற்பது டன் பாரத்தை இழுத்துக்கொண்டு கிழக்கு விரைவுச் சாலையில் செல்பவன் அரை நிமிஷம் நினைவிழந்தாலும் அதன் பலனை அனுபவிக்கிறவர்கள் வேறு யாரோ ஆகிவிடுகிறார்கள். ஆகையால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வருவதற்குரிய சூழ்நிலையை நாம் உண்டாக்கியிருக்கிறோமா என்பதே நெடுநாளாக என் மனத்தை வருத்திவரும் விஷயம்.

அலுவலகத்துக்கு வெளியே, தார்ப்பாய் நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டு படிவத்தை எடுத்தவுடன் கேள்விகளை வாசித்துக்கொண்டிருப்பதில்லை. பெயர், தகப்பனார் பெயர், விலாசம் இவற்றைக் கேட்டு எழுதிவிட்டு, நோய்ப் பகுதியில் மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் குறிகளைப் போட்டு, கையொப்பம் வைக்கவேண்டிய இடத்தில் விரலை ஊன்றிக் காட்டுகிறார். பதினைந்து வருஷமாக லாரி ஓட்டும் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவரிடம் அந்த முதற்கேள்வியைத் தமிழில் எடுத்துச் சொன்னேன். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு அவர் சொன்னார்: “அண்ணாச்சி, கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு தரம் வந்திருக்கு. இப்ப மாத்திரை சாப்பிடுதேன், வர்றதில்ல. ஆமான்னு எழுதினா அன்னைக்கே முதலாளி வண்டிச் சாவியை வேற ஆளு கையில கொடுத்துருவாரு. ஊருக்குப் பணம் யாரு அனுப்புவா?” அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து கைகால் வெட்டி வாயில் நுரை தள்ளும் காட்சியே நம் கண் முன் நிற்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்குப் புலப்படாத வேறொரு வகையும் உண்டு. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் மின்னோட்டம் தாறுமாறாகும்போது மனிதன் பெரும்பாலும் விழுவதில்லை. பார்வை ஓரிடத்தில் நிலைகுத்துகிறது. உதடுகள் எதையோ மெல்வதுபோல் அசைகின்றன. ஒரு கை சட்டைப் பொத்தானைத் தடவுகிறது. மற்றொரு கை ஸ்டியரிங்கிலேயே இருக்கிறது, கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எடுபடுவதில்லை. பக்கத்தில் கிளீனர் உட்கார்ந்திருந்தால் அண்ணன் ஏதோ யோசனையில் இருக்கிறார் என்றுதான் நினைப்பான். ஒரு நிமிஷம் கழித்து அவருக்கு நினைவு திரும்பும்போது, இடையில் கடந்துபோன சிக்னலும் திருப்பமும் அவர் ஞாபகத்தில் இருப்பதே இல்லை.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டென்றும், தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் தேசத்தில் இதற்கு ஒரு முக்கிய காரணம், நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீர் வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் உள்ளே சென்று மூளையில் கட்டியாகத் தங்கிவிடுவதே. மாமிசம் தொடாதவர்களுக்கும் அது வருகிறது. கட்டி கரைந்து, மருந்தும் முடிந்து, பல வருஷங்கள் வலிப்பின்றி இருப்பவர்கள் ஏராளம். ஆனால் கட்டுக்குள் இருக்கும் வலிப்பை மறுபடி தூண்டிவிடும் காரணங்கள் எவை என்று பார்த்தால், தூக்கம் கெடுவது, ஒரு வேளை மாத்திரை தவறுவது, குடித்துவிட்டு நிறுத்துவது ஆகியவையே முன்னால் நிற்கின்றன. தொலைதூர லாரி ஓட்டுநரின் அன்றாட ஜீவனத்தில் இவற்றில் முதலிரண்டும் இல்லாத வாரம் அபூர்வம். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. அந்த வரம்புக்குள் நிற்கும் ஓட்டுநர் ஒருவரைத் தேசிய நெடுஞ்சாலையின் தாபாக்களில் தேடிப் பாருங்கள்.

இனி நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 8ஆம் பிரிவு, விண்ணப்பதாரர் வண்டி ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்தாகும் என்று தோன்றும் நோய் இருந்தால் லைசென்ஸை மறுக்கச் சொல்கிறது. 16ஆம் பிரிவு, கொடுத்த லைசென்ஸையும் அதே காரணத்துக்காக ரத்து செய்ய அதிகாரம் தருகிறது. அவ்வாறு ரத்தானவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 17ஆம் பிரிவு. தேகமோ மனமோ தகுதியற்ற நிலையில் ஓட்டுவதற்கு 186ஆம் பிரிவு விதித்திருந்த 200 ரூபாய் அபராதம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 1,000 ரூபாயாக உயர்ந்தது. இத்தனையும் இருக்கின்றன, ஆனால் கடைசி வலிப்பு வந்து எத்தனை வருஷம் கழிந்தால் ஒருவன் ஓட்டலாம் என்ற கணக்கு மட்டும் எங்கும் இல்லை. பத்து வயதில் ஜுரத்தோடு ஒருமுறை வலிப்பு வந்தவனும், போன வாரம் இரண்டு முறை விழுந்தவனும் அந்த முதற்கேள்விக்கு முன்னால் ஒன்றாகவே நிற்கிறார்கள்.

பிரிட்டனில் சொந்தக் கார் ஓட்டுகிறவர் ஒரு வருஷம் வலிப்பில்லாமல் இருந்தால் மறுபடி ஓட்டலாம். பஸ்ஸோ லாரியோ ஓட்ட விரும்பினால் பத்து வருஷம், அதுவும் வலிப்பு மருந்தின் துணையில்லாமல், கழிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் லாரி ஓட்டுநருக்கு வலிப்பு நோய் இருக்கலாகாது என்ற கடுமையான விதி உண்டென்றாலும், எட்டு வருஷம் வலிப்பின்றி இருந்தவருக்கு விதிவிலக்குக் கொடுக்கும் வழக்கம் 2013 முதல் அங்கே ஏற்பட்டிருக்கிறது. கடுமை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு வருஷமும் பத்து வருஷமும் நீண்ட காலந்தான். எனினும் அந்த எண்ணைக் கண்ணால் பார்க்கிறவனுக்கு, உண்மையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் ஒருநாள் வாசல் திறக்கும் என்ற நம்பிக்கையாவது உண்டு. நம் ஓட்டுநருக்கு அத்தகைய எண் எதுவும் காட்டப்படவில்லை. இத்தனைக்கும், திருமணத்துக்குத் தடையாக ஹிந்து திருமணச் சட்டத்தில் எழுதியிருந்த ‘வலிப்பு’ என்ற சொல்லை 1999ஆம் ஆண்டிலேயே நம் பாராளுமன்றம் அடித்துவிட்டது.

எண்ணை எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2014 டிசம்பர் 22ஆம் தேதி கிளாஸ்கோ நகரத்தின் மையத்தில், கிறிஸ்துமஸ் சாமான் வாங்க வந்திருந்த கூட்டத்தின்மேல் நகரசபையின் குப்பை லாரி ஏறி ஆறு பேர் மாண்டார்கள். ஓட்டுநர் மயங்கிப்போயிருந்தார். 2010ஆம் ஆண்டிலேயே, நிறுத்தத்தில் நின்ற ஒரு பஸ்ஸின் ஓட்டுநர் ஆசனத்தில் அவர் மயங்கியிருக்கிறார் என்பதும், அடுத்த வேலைக்கு மனுச் செய்தபோது அதை மறைத்துவிட்டார் என்பதும் விசாரணையில் வெளிவந்தன. அவ்வளவு ஒழுங்கான விதிகள் உள்ள தேசத்திலும் வயிற்றுப் பிழைப்பின் பயம் வாயை அடைத்துவிட்டது.

மனநோயின் விஷயத்தில் நம் நிலைமை இன்னும் பரிதாபகரமானது. முதலாம் படிவத்தில் அதற்கென்று தனிக் கேள்வி இல்லை. ‘வேறு ஏதேனும் நோய்’ என்ற கடைசி வரியில் அதுவும் அடங்கிவிடுகிறது. மனச்சோர்வு, பதற்றம், புலன்கள் பொய்க்கும் கடும் மனநோய் என்ற பேதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியில் கரைந்துபோகின்றன. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுத் தெளிந்திருக்கும் ஓட்டுநர், சிகிச்சை எதுவும் இல்லாமல் இரவெல்லாம் விழித்து மனம் புழுங்கும் ஓட்டுநரைவிட எவ்வளவோ பத்திரமானவர் என்பது என் அபிப்பிராயம். மருந்தினால் தூக்கம் வருகிறதா, வேளையை மாற்றினால் சரிப்படுமா என்பதை வைத்தியரோடு பேசித் தீர்க்கலாம். ஆனால் மருந்து சாப்பிடுவதே வெளியில் தெரியக்கூடாத ரகசியமாக இருக்கும்வரை அந்தப் பேச்சு நடப்பதற்கே இடமில்லை.

மகாராஷ்டிரத்தில் வாழும் நமக்கு 2012 ஜனவரி 25ஆம் தேதி மறக்கக்கூடியதன்று. அன்று காலை புனே ஸ்வார்கேட் டிப்போவிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் தமக்குரியதல்லாத பஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, நகரத்தின் வீதிகளில் எதிரே வந்தவற்றையெல்லாம் மோதித் தள்ளியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். இரவு வேலையை மாற்றித் தரும்படி அவர் கேட்டதும் அது மறுக்கப்பட்டதும் வழக்கில் பேசப்பட்டன. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்ற வாதமும் எழுந்தது. சித்தம் பேதலித்திருந்தார் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. கீழ்க்கோர்ட்டு விதித்த மரண தண்டனையை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாக மாற்றியது. நீதிமன்றங்கள் தீர்மானித்ததை மறுபடி கிளற நான் முற்படவில்லை. இறந்துபோன ஒன்பது பேரின் குடும்பங்களை நினைக்கும்போது என் உள்ளம் கேட்பது ஒன்றே: டிப்போவுக்கு வரும் ஓட்டுநரின் மூச்சில் சாராய வாடை இருக்கிறதா என்று சோதிக்கிறார்களே, “ராத்திரி தூங்கினாயா? மனசு எப்படி இருக்கிறது?” என்று கேட்பதற்கு அங்கே ஒரு மனிதன் நியமிக்கப்பட்டிருக்கிறானா?

உண்மையைச் சொல்ல இடம் தரும் ஏற்பாடும் நம் பக்கத்திலேயே உண்டு. ஆண்டாப் ஹில்லில் மத்திய சர்க்கார் ஊழியர் குடியிருப்புகள் இருக்கின்றன. 1915 முதல் நடந்துவரும் மாட்டுங்கா ரயில்வே பட்டறையும் தொலைவில் இல்லை. ரயில்வேக் குடும்பங்களில் ‘மெடிக்கலில் டிகேட்டகரி ஆகிவிட்டார்’ என்ற பேச்சு சர்வசாதாரணமாக அடிபடும். ரயில் எஞ்சின் ஓட்டுபவரை 45 வயது வரை நாலு வருஷத்துக்கு ஒருமுறையும், 55 வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குமேல் வருஷந்தோறும் ரயில்வே டாக்டர்கள் பரிசோதிக்கிறார்கள். கண்ணோ இருதயமோ நரம்போ அந்த வேலைக்கு ஆகாது என்று முடிவானால் எஞ்சினிலிருந்து இறக்குகிறார்கள். ஆனால் சம்பளத்தைக் காப்பாற்றி வேறொரு வேலையில் அமர்த்துகிறார்கள். அதனால்தான் அங்கே டாக்டரிடம் உண்மை சொல்வது தற்கொலைக்கு ஒப்பாகத் தோன்றுவதில்லை. மாறாக, வாடகை லாரி ஓட்டுநரை இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் சட்டம் டாக்டர் முன் நிறுத்துகிறது. 2019க்கு முன்னால் மூன்று வருஷமாக இருந்த லைசென்ஸ் காலத்தை நீட்டிவிட்டார்கள். பெட்ரோல் டாங்கர் போன்ற அபாயச் சரக்கு வண்டி ஓட்டுவோருக்கு ஒரு வருஷமாக இருந்தது மூன்றாகிவிட்டது. அலைச்சல் குறைந்தது வாஸ்தவம். அந்த ஒரே ஒரு பரிசோதனையும், அவரை முன்பின் அறியாத டாக்டர் சில நிமிஷங்களில் பார்த்துக் கையொப்பமிடும் 1-ஏ படிவத்தோடு முடிந்துபோகிறது. சயான் ஆஸ்பத்திரியிலோ கே.ஈ.எம்.மிலோ வருஷக்கணக்காக அவருக்கு மாத்திரை எழுதித் தரும் நரம்பு வைத்தியரை யாரும் கேட்பதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு நேர்ந்த சர்க்கார் ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, வேறு பணிக்கு மாற்றி அதே ஊதியம் தரவேண்டும் என்கிறது. பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய்களும் மனநோயும் அதன் அட்டவணையில் உண்டு. ஆனால் வலிப்புக்கு அதில் தனிப் பெயர் இல்லை. தனியார் முதலாளியின் லாரி ஓட்டுபவருக்கோ அந்தப் பிரிவின் நிழலே இல்லை.

வீடுகளில் செய்ய வேண்டியதும் உண்டு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் நம் ஜனங்களிடையே இன்னும் மறையவில்லை. அதனால் பிரயோஜனம் எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து பேசலாம். ‘டெலி மானஸ்’ என்ற அந்த இலவச சேவை 2022 அக்டோபர் முதல் நடக்கிறது.

வேலை கொடுப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மும்பையின் பெஸ்ட் பஸ்களில் பெரும்பகுதி இன்று குத்தகை வண்டிகள். வடாலா, ஆனிக் டிப்போக்களின் வாசலில் நிற்கும் ஓட்டுநர்களில் பலர் குத்தகைக்காரரின் ஆட்கள். அவர்களில் ஒருவர் தாமாக வந்து தமக்கு வலிப்பு வந்ததென்றோ மனம் சரியில்லையென்றோ சொன்னால், சிகிச்சை அளிக்கும் டாக்டர் தகுதி என்று எழுதித் தரும்வரை டிப்போவுக்குள்ளேயே சார்ஜிங் மேற்பார்வையிலோ கணக்கிலோ வேலை கொடுத்து, சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குத்தகைக்காரர்மேல் சுமத்த வேண்டும். அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. அடுத்த டெண்டர் அறிவிப்பில் ஒரு ஷரத்தைச் சேர்த்தால் போதும்.