தேசிக்காய்ப் புளியும் விற்றமின் ‘சி’ சீரமும்

கலியாண நாள் நெருங்கிவிட்டால் மணப்பெண்ணின் முகத்திலே தேசிக்காய்ப் புளியைத் தேய்த்துவிடும் வழக்கம் நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்றும் உண்டு. “கடையிலே பெருவிலை கொடுத்து வாங்கும் சீரத்தில் இருப்பது விற்றமின் ‘சி’ தானே? அது தேசிக்காயிலும் இருக்கிறதல்லவா?” என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடையை அறியாது செய்யும் காரியம் முகத்தையே கெடுத்துவிடக் கூடும்.

இச்சத்துக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு யாது? 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ‘ஸ்கேவி’ நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு பண்டங்களைக் கொடுத்துப் பரிசோதித்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைவிற் குணமடைந்தனர். அந்நோயிலே பல்முரசில் இரத்தம் கசியும். ஆறிய புண்ணும் மீண்டும் திறக்கும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் செவ்வனே அமைவதற்கு விற்றமின் ‘சி’ இன்றியமையாதது என்பதே இதன் காரணம். அன்றியும், வெயிலின் புறஊதாக் கதிர்கள் தோலில் விளைக்கும் கேட்டை ஓரளவு தணிப்பதும், கருநிறப் பொருளாகிய மெலனின் மிகையாக உண்டாவதைக் குறைப்பதும் இச்சத்தின் பணிகளாகும்.

அவ்வாறாயின் தேசிக்காய் போதாதா? கணக்கைப் பாருங்கள். 100 கிராம் தேசிக்காய்ச் சாற்றில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் விற்றமின் ‘சி’ உண்டு. நூற்றுக்கு 15 வீதச் செறிவுள்ள சீரத்தில் அதே அளவுக்கு 15 கிராம் உண்டு. அதாவது ஏறக்குறைய 500 மடங்கு! சத்துக் குறைவு என்பதோடு தீமை நின்றுவிடவில்லை. தேசிக்காயில், சிறப்பாக அதன் புறத்தோலில், பியூரோகுமாரின் என்னும் பொருள்கள் உள. அவை பட்ட தோலில் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளிக்கும். பின்னர் தோன்றும் கருந்தழும்பு மாதக்கணக்கில் மறையாதிருத்தலும் உண்டு. மணமேடைக்கு அழகு தேடியவள் மறுவுடன் நிற்க நேர்வது எத்துணைப் பரிதாபம்!

இனி, சீரத்தைப் பயன்படுத்தும் முறையைக் கூறுவோம். அஸ்கோர்பிக் அமிலம் நூற்றுக்கு 10 முதல் 20 வீதம் வரை உள்ளதே தக்கது. அதற்கு மேற்பட்டால் தோல் அதிகமாக ஏற்பதில்லை, எரிச்சலே மிகும். முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசி, ஓரிரு நாள் பார்த்தல் வேண்டும். தீங்கில்லையெனக் கண்டபின், காலையில் முகம் கழுவி ஈரம் துடைத்து, நாலைந்து துளிகளைக் கண்களில் படாதவாறு பூசலாம். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினாற் போதும். அதன்மேல் வெயிற்காப்புக் களிம்பு பூசுதல் அவசியம்; சீரம் அக்களிம்புக்கு ஈடாகாது. பலன் தெரிய ஏறக்குறைய 3 மாதங்கள் செல்லும். எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட்டுத் தோல் வைத்திய நிபுணரை நாடுக.

காற்று, ஒளி, வெப்பம் ஆகிய மூன்றும் இச்சத்தின் பகைவர். ஆதலால் நிறமூட்டிய போத்தலில் அடைத்ததையே வாங்கி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் நன்று. நமது நாட்டின் வெப்பத்தில் யன்னலோரம் வைத்த போத்தல் விரைவில் வீணாகிவிடும். சீரம் செம்மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறிவிட்டால், விலையை எண்ணி வருந்தாது எறிந்துவிடுக. விற்றமின் மாத்திரைகளைப் பொடித்து நீரிற் கரைத்து வீட்டிலேயே சீரம் செய்வதும் வேண்டாம். அதன் புளிப்பும் செறிவும் நம் கட்டுப்பாட்டில் அடங்கா.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சீரம் வெயிலாலும் பருக்களாலும் வந்த கறைகளை மங்கச் செய்யலாமேயன்றி, பிறவி நிறத்தை மாற்றாது. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. “ஒரே வாரத்தில் வெள்ளையாவீர்” என்று ஆசை காட்டும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருந்தமை கண்டறியப்பட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும் நஞ்சு. பெண்ணின் நிறத்தைக் குறையாகப் பேசும் வீட்டிலேதான் இத்தகைய களிம்புகள் எளிதில் நுழைகின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

சீரம் வாங்க வசதியில்லையே என்று மாணவிகள் கவலைகொள்ளத் தேவையில்லை. வெயிலில் குடை பிடிப்பதும், கொய்யாவும் நெல்லியும் உண்பதும் எவர்க்கும் இயலும். தேசிக்காயோ முகத்துக்கு வேண்டாம். சோற்றுக்கும் சொதிக்கும் இருக்கட்டும்.